காணொளிகள் வழியே ஜெர்மன் இலக்கணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையக் காணொளிகளின் துணையோடு, ஏ1 (தொடக்க நிலை) முதல் பி1 (இடைநிலை) வரையிலான நிலைகளில் ஜெர்மன் இலக்கணம் கற்கும் தமிழர்களுக்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. செவிலியர் பணி, மேற்படிப்பு, வாழ்க்கைத்துணையுடன் சேர்ந்து வாழ்வதற்கான விசா என்று நோக்கங்கள் வேறுபட்டாலும் எழும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். நம் எழுத்து ஜெர்மன் ஒலிகளை ஓரளவுக்கே காட்டும் என்பதால், ஒவ்வொரு சொல்லின் சரியான எழுத்தையும் ஒலிப்பையும் அகராதியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

காணொளிகளை மட்டும் பார்த்து ஜெர்மன் இலக்கணத்தைக் கற்றுவிட முடியுமா?

புரிந்துகொள்ள முடியும்; பிழையின்றி எழுதவும் பேசவும் அது மட்டும் போதாது. இதற்குக் காரணம் ஜெர்மன் மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது. அம்மொழியின் இலக்கணத்தில் பெரும்பகுதி, சொற்களின் ஈற்றிலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சிறு சொற்களிலும் அடங்கியிருக்கிறது. ஆங்கிலத்தின் 'தி' போலப் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'டேன்', 'டேம்' என்ற இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு இதழ்கள் மூடுவதா இல்லையா என்பது மட்டுமே. இயல்பான பேச்சில் இவை அழுத்தமின்றி ஒலிக்கின்றன. 'ஒரு' என்று பொருள்படும் 'ஐனென்' என்பது பல வேளைகளில் 'னென்' என்று தேய்ந்துவிடுகிறது. கேட்பவருக்கு அந்த ஈறு காதில் விழாவிட்டாலும், மேசை, புத்தகம், வைத்தல் என்ற சொற்களைக் கொண்டே பொருள் விளங்கிவிடும். பொருள் விளங்கிய மனநிறைவில், இலக்கணமும் தெரிந்துவிட்டதாக நாம் நம்பிவிடுகிறோம். நூற்றுக்கணக்கான காணொளிகளைப் பார்த்தவர்கள்கூட, ஒரு சிறு மின்னஞ்சல் எழுத உட்காரும்போது 'டேனா, டேமா' என்று தடுமாறுவது இதனால்தான்.

எனவே காணொளியைக் கேட்கவும் காணவும் பயன்படுத்துங்கள். அதில் கண்ட அமைப்பை அன்றே சொந்த வாக்கியங்களில் எழுதுங்கள். கீழே உள்ள விடைகள் பலவும் இந்த ஒரே கருத்தைத்தான் வெவ்வேறு இடங்களில் பொருத்திப் பார்க்கின்றன.

எந்த இலக்கணப் பகுதிகளைக் காணொளியில் கற்பது நல்லது?

முதலில் சொல்ல வேண்டியது, இரண்டாம் வேற்றுமையையும் நான்காம் வேற்றுமையையும் மாறி மாறி ஏற்கும் ஒன்பது முன்னிடைச் சொற்களைப் பற்றி: ஆன், அவுஃப், ஹின்டர், இன், நேபன், யூபர், உன்டர், ஃபோர், ட்ஸ்விஷன். ஒரு பொருள் ஓரிடத்தை நோக்கி நகர்ந்தால் அக்குசாட்டிவ் (இரண்டாம் வேற்றுமை), ஓரிடத்தில் இருந்தால் டாட்டிவ் (நான்காம் வேற்றுமை) என்பது விதி. புத்தகத்தில் இதை அம்புக்குறி போட்டுக் காட்டுவார்கள். காணொளியிலோ ஒருவர் புத்தகத்தைக் கையில் எடுத்து, 'இஷ் லேகெ டாஸ் பூஹ் அவுஃப் டேன் டிஷ்' என்று சொல்லியபடி மேசைமேல் வைக்கிறார். கையை எடுத்த பின், 'டாஸ் பூஹ் லீக்ட் அவுஃப் டேம் டிஷ்' என்கிறார். வைக்கும் வினை 'லேகன்', கிடக்கும் வினை 'லீகன்' என்ற இணையும், 'டேன்', 'டேம்' என்ற மாற்றமும் ஒரே அசைவில் மனத்தில் பதிகின்றன. நிற்க வைத்தலுக்கும் நிற்றலுக்கும் உரிய 'ஷ்டெல்லன்', 'ஷ்டேஹன்' இணையும் அவ்வாறே. இந்தப் பகுதிக்குக் காணொளியை விடச் சிறந்த கருவி இல்லை என்றே கருதுகிறேன்.

அடுத்தது வினைச்சொல் நிற்கும் இடம். முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்கும். 'இஷ் ஃபாரெ மோர்கன் நாஹ் பெர்லின்' (நான் நாளை பெர்லினுக்குப் போகிறேன்) என்ற வாக்கியத்தை 'நாளை' என்ற சொல்லைக் கொண்டு தொடங்கினால், 'மோர்கன் ஃபாரெ இஷ் நாஹ் பெர்லின்' என்று எழுவாய் வினைக்குப் பின்னால் போய்விடும். திரையில் சொற்கள் இடம் மாறுவதைக் காணும்போதும், அதே வேளையில் வாக்கியத்தின் ஏற்ற இறக்கத்தைக் கேட்கும்போதும் இது எளிதில் பிடிபடும். பிரிந்து நிற்கும் வினைகளுக்கும் இது பொருந்தும். எழுந்திருத்தலைக் குறிக்கும் 'அவுஃப்ஷ்டேஹன்' வாக்கியத்தில் உடைந்து, 'இஷ் ஷ்டேஹெ உம் ஸீபன் ஊர் அவுஃப்' (நான் ஏழு மணிக்கு எழுகிறேன்) என்று முன்னொட்டு கடைசிக்குச் செல்கிறது. அந்தக் கடைசி 'அவுஃப்' மீது விழும் அழுத்தத்தை எந்த அச்சுப் புத்தகமும் காதில் கேட்கச் செய்யாது.

பணிவாகக் கேட்கும் வடிவங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். அடுமனையில் ரொட்டி கேட்பவர், அலுவலகத்தில் நேரம் ஒதுக்கக் கேட்பவர், தொலைபேசியில் மருத்துவமனையை அழைப்பவர் என்று சூழலோடு பார்க்கும்போது, அந்த வடிவத்தை எப்போது பயன்படுத்துவது என்பது விதியைப் படிக்காமலேயே தெரியவரும்.

எந்தப் பகுதிகளுக்குக் காணொளி உதவாது?

பெயரடைகளின் ஈறுகள் முதலிடம் பெறுகின்றன. பால், எண், வேற்றுமை, முன்னால் நிற்கும் சொல்லின் வகை ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தே ஈற்றை முடிவு செய்ய வேண்டும். இதை அரை மணி நேரம் விளக்கும் காணொளிகள் ஏராளமாக உள்ளன; பார்க்கும்போது தெளிவாகவே இருக்கும், மறுநாள் ஒன்றும் நினைவில் நிற்காது. ஓர் அட்டவணையைக் கையால் வரைந்து, அதை வைத்துக்கொண்டு வாக்கியங்களை எழுதிப் பழகுவதே இதற்கு வழி. ஒரு விளக்கக் காணொளி போதும். மீதி நேரம் தாளுக்குரியது.

பெயர்ச்சொற்களின் பால் இன்னொன்று. தமிழில் உயர்திணைக்குத்தான் ஆண்பால், பெண்பால் வேறுபாடு. ஜெர்மனில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி நடுப்பால். 'உங்', 'ஹைட்', 'கைட்', 'ஷாஃப்ட்' என்று முடியும் சொற்கள் பெண்பால் என்பன போன்ற பயனுள்ள விதிகள் சில உண்டு; அவற்றைச் சொல்லும் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, மற்றவற்றை மூன்று பாலுக்கும் உரிய 'டேர்', 'டீ', 'டாஸ்' சேர்த்தே சொற்பட்டியலில் எழுதி மனப்பாடம் செய்ய வேண்டும். ஒழுங்கற்ற வினைகளின் மூன்று வடிவங்களும் அப்படித்தான்.

தமிழில் விளக்கும் காணொளிகளைப் பார்ப்பதா, ஆங்கிலத்தில் விளக்குவனவற்றையா, ஜெர்மனிலேயே விளக்குவனவற்றையா?

ஏ1 நிலையில் தமிழ் விளக்கம் நமக்குத் தரும் நன்மையைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களின் வேற்றுமை உருபுகள் பெரும்பாலும் மறைந்துவிட்டதால், ஆங்கில வழி ஆசிரியர்கள் டாட்டிவ் என்றால் என்னவென்று நெடுநேரம் விளக்க வேண்டியிருக்கிறது. தமிழ் மாணவருக்கு அது பள்ளியில் படித்த வேற்றுமைதான். நொமினாட்டிவ் என்பது முதல் வேற்றுமை. அக்குசாட்டிவ் என்பது 'ஐ' உருபு ஏற்கும் இரண்டாம் வேற்றுமை. டாட்டிவ் என்பது 'கு' உருபு ஏற்கும் நான்காம் வேற்றுமை. கெனிட்டிவ் என்பது 'உடைய' என்று விரியும் ஆறாம் வேற்றுமை. தமிழுக்கு எட்டு, ஜெர்மனுக்கு நான்கு.

ஒற்றுமை இத்தோடு நிற்பதில்லை. 'ஹெல்ஃபன்' என்ற வினை டாட்டிவை ஏற்கும் என்று ஆங்கில வழிக் காணொளிகள் விதிவிலக்குப் பட்டியலில் சேர்க்கும். நாமோ 'அவனுக்கு உதவினேன்' என்றுதான் சொல்கிறோம். நன்றி கூறும் 'டாங்கன்', பதில் சொல்லும் 'ஆன்ட்வோர்டன்', உரிமையைக் குறிக்கும் 'கெஹோரன்' ஆகியவற்றுக்கும் தமிழில் 'கு' உருபே வருகிறது. 'எனக்குக் குளிர்கிறது' என்பது ஜெர்மனிலும் 'மீர் இஸ்ட் கால்ட்' என்று டாட்டிவில்தான் அமையும். 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்ற அமைப்பும் அப்படியே. துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போவதும் நமக்குப் புதிதன்று.

ஆயினும் இரண்டு இடங்களில் தமிழ் வழி தவறான பக்கம் இழுக்கும். தமிழில் மூன்றாம், நான்காம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகள் பிரித்துச் செய்யும் வேலையின் பெரும்பகுதியை ஜெர்மனில் டாட்டிவ் ஒன்றே முன்னிடைச் சொற்களின் துணையோடு செய்துவிடுகிறது. 'நண்பனோடு' என்பதற்கு 'மிட்', 'சென்னையிலிருந்து' என்பதற்கு 'அவுஸ்' என எல்லாம் டாட்டிவையே நாடும். அடுத்து, 'அவனுக்குப் போன் செய்தேன்' என்று நினைத்துக்கொண்டு டாட்டிவைப் போட்டால் பிழை. 'இஷ் ரூஃபெ ஈன் ஆன்' என்று அக்குசாட்டிவ்தான் வர வேண்டும். 'அவனிடம் கேட்டேன்' என்பதும் ஜெர்மனில் 'அவனை'யே. நல்ல தமிழ் வழி ஆசிரியர் இவ்விடங்களைத் தொட்டுக் காட்டுவார். ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க இதையே உரைகல்லாகக் கொள்ளலாம்.

ஏ2 தொடங்கியதும் ஜெர்மனிலேயே விளக்கும் காணொளிகளுக்கு மாறுங்கள். தொடக்கத்தில் கடினமாக இருக்கும். ஆனால் இலக்கண விளக்கத்தில் வரும் சொற்கள் குறைவு. அவையே மீண்டும் மீண்டும் வரும். சில வாரங்களில் காது பழகிவிடும்.

எங்கிருந்து தொடங்குவது?

யூடியூபில் தேடிக் கிடைக்கும் முதல் காணொளியிலிருந்து தொடங்காமல், வரிசைப்படுத்தப்பட்ட ஒரு பாடத்திட்டத்தை முதுகெலும்பாக வைத்துக்கொள்வது நல்லது. ஜெர்மனியின் பன்னாட்டு ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்செ வெல்ல இலவசமாக வழங்கும் 'நிகோஸ் வேக்' என்ற காணொளிப் பாடம் ஏ1, ஏ2, பி1 நிலைகளுக்கு உள்ளது. ஜெர்மனிக்கு வந்து சேரும் நிகோ என்ற ஸ்பானிய இளைஞனின் கதையாக அது நகர்கிறது. யூடியூபில் மட்டும் பார்த்தால் கதை கிடைக்கும், பயிற்சிகள் கிடைக்கா. ஆகவே டாய்ச்செ வெல்லவின் சொந்தத் தளத்தில் பார்ப்பதே சரி. ஜெர்மனியின் முதியோர் கல்வி நிலையங்களான ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூலெக்களின் கூட்டமைப்பு நடத்தும் கற்றல் தளமும் இலவசம், பயிற்சிகள் அதிகம். ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோத்தே நிறுவனம் தன் தளத்தில் மாதிரித் தேர்வுத் தாள்களைக் கேட்டல் ஒலிப்பதிவுகளோடு வைத்திருக்கிறது.

ஏதேனும் ஒன்றை எடுத்து முடியுங்கள். ஐந்து சேனல்களில் ஒரே பாடத்தை ஐந்து முறை பார்ப்பது முன்னேற்றம்போலத் தோன்றும் தேக்கம்.

ஒரு காணொளியை எப்படிப் பார்க்க வேண்டும்?

முதல் முறை நிறுத்தாமல், சப்டைட்டில் இல்லாமல் பாருங்கள். இரண்டாம் முறை ஜெர்மன் சப்டைட்டிலோடு, ஒவ்வோர் எடுத்துக்காட்டு வாக்கியம் முடிந்ததும் நிறுத்தி, திரையைப் பார்க்காமல் அந்த வாக்கியத்தை உரக்கச் சொல்லி, பின் எழுதுங்கள். யூடியூபைக் கணினியில் பார்ப்பவர்கள் இடப்பக்க அம்புக்குறி விசையை அழுத்தினால் ஐந்து வினாடி பின்னே செல்லலாம். கைபேசியில் திரையின் இடப்பாதியை இருமுறை தட்டினால் போதும்.

அதன் பிறகு செய்ய வேண்டியதுதான் முக்கியமானது. காணொளியை மூடிவிட்டு, அன்று கற்ற அமைப்பில் உங்கள் வாழ்க்கையைப் பற்றிய சில வாக்கியங்களை எழுதுங்கள். ஆசிரியர் சொன்ன பெர்லினை மாற்றி உங்கள் ஊரையும், அவருடைய மேசையை மாற்றி உங்கள் அலமாரியையும் போடுங்கள். எடுத்துக்காட்டை அப்படியே திருப்பி எழுதுவதில் முடிவெடுக்க வேண்டிய தேவை இல்லை. சொந்தப் பொருளை எழுதும்போது அது ஆண்பாலா, பெண்பாலா, வினை எந்த வேற்றுமையைக் கேட்கிறது என்று நாமே முடிவெடுத்தாக வேண்டும்; இலக்கணம் அங்குதான் கைக்கு வருகிறது. பத்து நிமிடக் காணொளிக்கு இருபது நிமிட எழுத்து என்பதே நான் பரிந்துரைக்கும் அளவு.

சப்டைட்டில் எந்த மொழியில் இருக்க வேண்டும்?

ஜெர்மனில். ஆங்கில சப்டைட்டில் ஓடினால் கண் அதைப் படித்துவிடும்; காது ஓய்வெடுத்துக்கொள்ளும். ஜெர்மன் சப்டைட்டிலோ, காதில் தேய்ந்து விழுந்த ஈற்றை எழுத்தில் மீட்டுத் தருகிறது. ஆனால் அது மனிதர் எழுதியதா, தானாக உருவாக்கப்பட்டதா என்பதை அமைப்புப் பகுதியில் பார்த்துக்கொள்ளுங்கள். தானியங்கி சப்டைட்டில் பொதுவான பொருளைச் சரியாகப் பிடித்தாலும், 'டேன்', 'டேம்' போன்ற இடங்களில் தவறக்கூடும். இலக்கணம் கற்பவருக்கு அந்த இடங்களே முக்கியம் என்பதால், தானியங்கி வரிகளைச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

வேகத்தைக் குறைத்துக் கேட்கலாமா?

தொடக்கத்தில் 0.75 வேகம் உதவும். அதற்குக் கீழே குறைத்தால் ஒலிகள் இழுபட்டு, வாக்கியத்தின் இயல்பான ஓசை கெட்டுவிடும். அதைவிட, மெதுவாகப் பேசுவதற்கென்றே தயாரிக்கப்பட்டவற்றைத் தேடுவது மேல். டாய்ச்செ வெல்ல மெதுவாக வாசிக்கும் செய்திகளை எழுத்து வடிவத்தோடு வெளியிடுகிறது. அது பி1 முடிக்கும் நிலையில் உள்ளவர்களுக்கே ஏற்றது.

தெருவில் மக்களிடம் பேட்டி எடுக்கும் காணொளிகளில், படித்த இலக்கணத்துக்கு மாறாகப் பேசுகிறார்களே, எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம், இடம் வேறு. பேச்சு ஜெர்மனும் எழுத்து ஜெர்மனும் சில இடங்களில் உண்மையாகவே பிரிகின்றன. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடையே வாழும் நமக்கு இதை ஏற்றுக்கொள்வது கடினமில்லை. ஜெர்மனில் அந்த இடைவெளி நம்முடையதை விடச் சிறியது.

மிக அதிகமாகக் கேட்கப்படுவது 'வைல்' பற்றி. காரணம் சொல்லும் இந்தச் சொல்லுக்குப் பின் வினை கடைசிக்குப் போக வேண்டும்: 'வைல் இஷ் கிராங்க் பின்' (நான் நோயுற்றிருப்பதால்). பேட்டிகளில் பலரும் 'வைல்' என்று சொல்லிச் சற்றே நிறுத்திவிட்டு, 'இஷ் பின் கிராங்க்' என்று முதன்மை வாக்கியம்போல் தொடர்வார்கள். பேச்சில் இது பரவலான வழக்கம். தேர்வில் எழுதினால் பிழை. அடுத்தது கெனிட்டிவ். 'என் சகோதரனின் கார்' என்பதை 'டாஸ் அவுட்டோ மைனெஸ் ப்ரூடர்ஸ்' என்று எழுதினாலும், பேச்சில் 'டாஸ் அவுட்டோ ஃபொன் மைனெம் ப்ரூடர்' என்பதே மிகுதி. பின்னது பிழையன்று, பேச்சுக்கு உரியது.

இறந்த காலமும் அப்படித்தான். உரையாடலில் பெரும்பாலும், துணைவினையோடு அமையும் இறந்தகால வடிவமான பெர்ஃபெக்ட் வரும். செய்தியிலும் கதையிலும், துணைவினையின்றி ஒரே சொல்லாக அமையும் ப்ரேடேரிட்டும் என்ற வடிவம் வரும். 'இருந்தது', 'வைத்திருந்தது', 'முடிந்தது' ஆகியவற்றைக் குறிக்கும் 'வார்', 'ஹாட்டெ', 'கோன்டெ' போன்ற சில வினைகள் மட்டும் பேச்சிலும் ப்ரேடேரிட்டும் வடிவிலேயே நிற்கும். ஆகவே பெர்ஃபெக்ட் கற்கும் வாரத்தில் நேற்றைய நாளைப் பற்றி ஒருவர் பேசும் காணொளியையும், ப்ரேடேரிட்டும் கற்கும் வாரத்தில் செய்தியையோ வரலாற்றுத் தொகுப்பையோ தேர்ந்தெடுங்கள்.

பேட்டிக் காணொளிகளில் ஈசி ஜெர்மன் சேனல் நெடுங்காலமாக இயங்கி வருகிறது. ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் வரிகள் திரையிலேயே வரும். ஏ2 முடிவதற்கு முன் அதை இலக்கணப் பாடமாகக் கொள்ள வேண்டாம். செவிப் பயிற்சியாகப் பார்க்கலாம்.

ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து காணொளிகளைப் பார்க்கலாமா?

பார்க்கலாம். ஆஸ்திரியாவிலும் தெற்கு ஜெர்மனியிலும் 'உட்கார்ந்திருந்தேன்' என்பதை 'இஷ் பின் கெஸெஸன்' என்பார்கள். வடக்கே அது 'இஷ் ஹாபெ கெஸெஸன்'. சுவிட்சர்லாந்தில் அன்றாடப் பேச்சு வட்டார மொழியிலேயே நடப்பதால், பி1 மாணவருக்கு அது விளங்காமல் போவது இயல்பு.

ரீல்ஸ், ஷார்ட்ஸ் போன்ற குறுங்காணொளிகள் பயன்படுமா?

தெரிந்ததை நினைவுபடுத்திக்கொள்ளப் பயன்படும். புதிய இலக்கணத்தைக் கற்க அவற்றின் நீளம் போதாது. ஒரு விதியைச் சொல்லி, அதன் விலக்குகளைச் சொல்லாமலேயே முடிந்துவிடுகின்றன.

'முப்பது நாளில் பி1' என்று சொல்லும் காணொளிகளை நம்பலாமா?

நம்ப வேண்டாம். ஜெர்மன் அரசு குடியேறியவர்களுக்காக நடத்தும் ஒருங்கிணைப்பு வகுப்பில், பி1 நிலையை எட்டுவதற்கான மொழிப் பாடத்துக்கு மட்டும் 45 நிமிடம் கொண்ட 600 பாடவேளைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. அதாவது 450 மணி நேரம். அதுவும் அந்நாட்டிலேயே வாழ்ந்து, கடையிலும் பேருந்திலும் அம்மொழியைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு. கடன் வாங்கி விசாவுக்கும் தேர்வுக்கும் பணம் கட்டும் குடும்பங்கள் இத்தகைய தலைப்புகளை நம்பித் தேர்வு நாளை முன்கூட்டியே குறித்துவிடுவதைக் காண வருத்தமாக இருக்கிறது. நேரத்தை நேர்மையாகக் கணக்கிட்டுத் தேர்வு நாளைக் குறியுங்கள்.

தேர்வுக்குக் காணொளிகள் எந்த அளவுக்கு உதவும்?

கேட்டல் பகுதிக்கு நன்றாக, படித்தலுக்கு ஓரளவு, எழுத்துக்கும் பேச்சுக்கும் நீங்கள் செய்யும் பயிற்சியின் அளவுக்கு. கோத்தே நிறுவனத்தின் ஏ1 தேர்வில் ஏறக்குறைய 30 சொற்களில் ஒரு சிறு செய்தி எழுத வேண்டும். பி1 தேர்வின் எழுத்துப் பகுதியில் மூன்று பணிகள்: ஏறக்குறைய 80 சொற்களில் இரண்டு, 40 சொற்களில் ஒன்று. பி1 தேர்வில் நான்கு பகுதிகள் தனித்தனியே மதிப்பிடப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் 100க்கு 60 வேண்டும். கேட்டலில் எடுத்த மிகுதியான மதிப்பெண் எழுத்தில் உள்ள குறையை ஈடுசெய்யாது. காணொளியை மட்டும் நம்பியவர்கள் எழுத்தில் தவறுவதற்கு இடம் அதிகம்.

வீட்டிலிருந்தே கற்கிறேன், நான் எழுதுவதை யார் திருத்துவது?

காணொளி வழிக் கல்வியின் மிகப் பெரிய குறை இதுவே. திரையில் தோன்றும் ஆசிரியர் உங்கள் பிழையைக் காண மாட்டார். முழு வகுப்புக்குப் பணம் கட்ட இயலாதவர்கள், மாதத்தில் சில மணி நேரம் மட்டும் ஒரு தனி ஆசிரியரிடம் எழுத்தைத் திருத்தி வாங்கலாம். விளக்கத்தைக் காணொளியில் கேட்டுவிட்டுச் சென்றால், அந்த மணி நேரம் முழுவதும் திருத்தத்துக்கே கிடைக்கும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஈற்றுப் பிழைகளைப் பெரும்பாலும் சுட்டிக் காட்டுகின்றன. அவை தரும் காரண விளக்கத்தை ஓர் இலக்கண நூலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எவர் திருத்தினாலும், பிழைகளைத் தனிக் குறிப்பேட்டில் வகைபிரித்து எழுதுங்கள். ஒரே வகைப் பிழை மூன்று முறை வந்தால், அதற்குரிய காணொளியை மீண்டும் பாருங்கள். அப்போது எதைத் தேடிப் பார்க்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இலக்கணக் காணொளிகளைப் பார்ப்பதை எப்போது நிறுத்தலாம்?

பி1 முடியும்போது ஜெர்மன் இலக்கணத்தின் அடிப்படைகளில் ஏறக்குறைய அனைத்தையும் ஒருமுறை கடந்திருப்பீர்கள். அதன் பின் வருவன நுட்பங்களே. அந்நிலையில் ஜெர்மானியர் ஜெர்மானியருக்காகத் தயாரித்தவற்றுக்கு மாறுங்கள்: சிறுவர்களுக்கான செய்தி, பயண நிகழ்ச்சி, சமையல் குறிப்பு, செவிலியருக்கு மருத்துவமனை பற்றிய ஆவணப்படம். சமையல் காணொளியில் மாவு பிசையப்படுவதும் அடுப்பில் வைக்கப்படுவதுமாகச் செயப்பாட்டு வினை நிறைய வரும். ஆவணப்படங்களில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துரைக்கும் வடிவங்கள் வரும். ஐயம் எழும் இடத்தில் மட்டும் இலக்கணக் காணொளிக்குத் திரும்பி, அந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்ததும் மூடிவிடுங்கள். எழுதும் பழக்கத்தை மட்டும் பி2 வரை விடாமல் வைத்திருங்கள். செவிலியர் பணிக்கான அங்கீகாரத்துக்குப் பொதுவாகக் கேட்கப்படும் நிலை அதுதான்.